மேஸ்திரி லிபோரியோவின் கட்டை விரல்

"நான் தைச்ச கோட்டு யாருக்குத் தைச்சேனோ அவனுக்கு மட்டும்தான்யா சேரும். கூடப்பிறந்தவன் போட்டாக்கூட கழுத்தை நெரிச்சிடும். வேற எவனாவது அதை மாட்டி, பொத்தானையும் போட்டு, மூச்சும் விட்டுட்டான்னா, இந்தக் கட்டை விரலை என் கத்தரியாலேயே நறுக்கி நிக்காந்த்ரோ கறிக்கடைக் கொக்கியில தொங்க விடறேன். நம்ம ஊர்ச்சாமி சான் ரோக்கோ மேல சத்தியம்!"

ஒரு கல்யாணப் பந்தியில் நாற்காலிமேல் ஏறி நின்று, வலது கையை உயர்த்தித் தையல் மேஸ்திரி லிபோரியோ இப்படி முழங்கியபோது ரோக்காஸ்தோர்த்தா ஊரே கைதட்டியது. கறிக்கடை நிக்காந்த்ரோ மட்டும் தட்டவில்லை. அவன் அந்த விரலைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டு எங்கே இருக்கிறது, ஒரே போடில் வந்துவிடுமா என்று.

நியாயமாகச் சொன்னால், லிபோரியோவின் பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்த இத்தாலிய மலையூரில் அவர் அளவெடுப்பதை யாரும் தையல் வேலை என்று சொல்ல மாட்டார்கள். அது ஒரு போர். "உடம்பு பொய் சொல்லும்" என்பது அவர் சித்தாந்தம். டேப்பைக் கண்டதும் எந்த ஆம்பளையும் வயிற்றை எக்குவான், நெஞ்சைத் தூக்குவான். அந்தப் பொய்க்குக் கோட்டுத் தைத்தால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வெடித்துவிடும். ஆகவே முதலில் வயிற்றில் ஒரு குத்து. காற்று இறங்கி, உண்மையான தொப்பை வெளியே வந்ததும் டேப். அப்புறம் முதுகில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கி, தோளின் உண்மையை வரவழைப்பார். வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டு மாட்டிப் பார்க்கிற அன்று குண்டூசிகளின் முறை. பத்திர எழுத்தர் ஒருமுறை அக்குளில் ரத்தம் வழிய வெளியே வந்து, கடைத்தெரு முழுக்கச் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனார். அளவெடுத்துத் தைத்ததற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நகரத்தில் ரெடிமேட் வாங்கியவர்களின் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. பாவம், ஊர் அவர்களை மதிப்பதில்லை.

எடுத்த அளவையெல்லாம் சாக்கட்டியால் சுவரில் எழுதுவார். பிறகு கதவைச் சாத்தி, துணியை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்.

"எழுதறீங்களே, என்னைக்காவது அந்தச் சுவத்தைத் திரும்பிப் பாத்திருக்கீங்களா?" என்று சனிக்கிழமைதோறும் சுவரைத் துடைக்கும்போது மனைவி கொன்சீலியா கேட்பாள்.

"அடிச்ச கைக்கு அளவு தெரியும்டி. கத்தரி தானாப் போகும்."

தானாகத்தான் போனது. ஊரில் ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொள்பவன் எல்லாம் திருவிழாவுக்கு லிபோரியோ தைத்த கறுப்புக் கோட்டில் நின்றான். நாலு தலைமுறையாக அத்தை மகளைத் தாண்டிப் பெண் எடுக்காத ஊர் அது. எல்லோருக்கும் ஒரே கழுத்து, ஒரே சரிந்த தோள், ஒரே பிடிவாதம். வெளியூர்க்காரன் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும் என்பார் லிபோரியோ. தன் முஷ்டிக்கு ஒவ்வொரு வயிறும் வேறு வேறு வயிறு.

வினை ஒரு உப்புக் கருவாட்டின் வடிவில் வந்தது.

நிக்காந்த்ரோவின் மனைவி சந்தையிலிருந்து பலகை கனத்தில் ஒரு மீன் கருவாட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். மதுக்கடை வாசலில் சீட்டாட்டம். கறிக்கடையில் இருக்க வேண்டிய புருஷனின் முதுகு, லிபோரியோ தைத்த கறுப்புக் கோட்டோடு, அங்கே ஹாயாக உட்கார்ந்திருந்தது. அவள் வார்த்தையை வீணாக்குகிற பெண் அல்ல. கருவாட்டை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடரியில் ஒரே போடு. ஆள் சீட்டுக்கட்டின் மேல் கவிழ்ந்தான். இரண்டு பல் மேஜையில் உருண்டது. புரட்டிப் பார்த்தால், கோயில் மணியடிக்கிற எஜிதியோ.

"ஐயோ, நீயாடா! முதுகு என் புருஷன் முதுகா இருந்துச்சே!"

"அக்கா, என் முதுகு எனக்கு வேணும்க்கா" என்றான் எஜிதியோ, வாயில் ரத்தத்தோடு.

அன்று மாலை அவள் புருஷனிடம் சொன்னாள்: "பதினெட்டு வருஷமா இந்த முதுகை அடிச்சிட்டு வரேன். எனக்கே வித்தியாசம் தெரியலேன்னா, அந்த லிபோரியோ உனக்கு என்னத்தைய்யா அளவெடுத்தான்?"

நிக்காந்த்ரோ யோசித்தான். வயிற்றில் வாங்கிய குத்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பிறகு கத்தியைத் தீட்டினான்.

திருவிழாவுக்கு அவன் மனைவியின் மாமா அத்தீலியோ நேப்பிள்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வாழ்நாள் முழுக்கப் பெரிய கடைகளில் துணி வெட்டியவர். கோட்டின் பிறவி ரகசியத்தை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று பெயர். சாமி ஊர்வலத்துக்கு முன்னால், சதுக்கத்தில், எல்லோர் முன்னிலையிலும் அவர் தீர்ப்புச் சொல்வது என்று ஏற்பாடு. நிக்காந்த்ரோவின் கோட்டு, எஜிதியோவின் உடம்பு. சேர்ந்துவிட்டால் விரல்.

"ஏங்க, அந்த விரல் போயிட்டா கத்தரி எப்படி மூடும்? நமக்குச் சோறு ஏது?" என்றாள் கொன்சீலியா.

"சேராதுடி."

"சேர்ந்துட்டா?"

"சேராதுன்னேன்ல!" என்று லிபோரியோ மேஜையில் அறைந்தார். அறைந்த கையைச் சற்று நேரம் பார்த்தார். கட்டை விரல் சிவந்திருந்தது. அது இல்லாத கையை மனத்தில் வரைந்து பார்க்க முயன்றார். வரவில்லை.

ஆகஸ்ட் வெயிலில் ஊரே கம்பளிக் கோட்டோடு சதுக்கத்தில் கூடியது. அத்தீலியோ நிக்காந்த்ரோவின் கோட்டை வாங்கி, காலர் மடிப்பைத் திருப்பினார். நூலை இழுத்துக் கடித்தார்.

"கைத்தையல். காஜாவும் கையால போட்டது. நல்ல கை."

கூட்டம் ஆரவாரித்தது. லிபோரியோ மீசையைத் தடவினார்.

அத்தீலியோ சவரக்கத்தியை எடுத்து உள்பையின் லைனிங்கை நீளமாகக் கிழித்து, உள்ளே விரல் விட்டுத் துழாவினார். தன் வயிற்றையே கிழித்ததுபோல லிபோரியோ முனகினார்.

"உள்ள வச்சுத் தைச்ச கேன்வாஸும் சுத்தம். தையல்ல பொய் இல்லை. இது எந்த உடம்புக்குத் தைச்சதுங்கறதுதான் கேள்வி. நீ வாப்பா."

எஜிதியோ தன் கோட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். மேஸ்திரியிடம் விசுவாசமுள்ள பிள்ளை. ஒரு தோளைக் காதுவரை தூக்கினான், வயிற்றை மாசமான பெண்போல உப்பினான், முழங்கையைக் கோணினான். கோட்டு கன்னாபின்னாவென்று தொங்கியது.

"பாத்தீங்களா! சேரலை!" என்றார் லிபோரியோ.

அத்தீலியோ எஜிதியோவின் வயிற்றில் ஒரு குத்து விட்டார்.

"உடம்பு பொய் சொல்லும், தம்பி."

தன் வாக்கியத்தை இன்னொருவன் வாயில் கேட்ட லிபோரியோவுக்குத் தனக்கே குத்து விழுந்தாற்போல மூச்சு முட்டியது. எஜிதியோவின் காற்று இறங்க இறங்க, கோட்டு அவன் மேல் மெல்லப் படிந்தது. தோள் தோளில் உட்கார்ந்தது. அத்தீலியோ பொத்தானைப் பிடித்துக் காஜாவின் வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்தக் கணத்தில் சதுக்கம் முழுவதற்கும் ஒரு ஞானம் உதித்தது. அந்தப் பொத்தான் உள்ளே போனால் போவது லிபோரியோவின் விரல் மட்டுமல்ல. இத்தனை குத்துகளும் குண்டூசிகளும் வாங்கி, ரத்தம் சிந்திப் பெற்ற ஒவ்வொரு கோட்டும் பொய்யாகிவிடும். முதல் அடியைக் கொடுத்தவர் பத்திர எழுத்தர். அத்தீலியோவின் மூக்கு வெள்ளரிக்காய் உடைகிற சத்தத்தோடு உடைந்தது.

அடிதடிக்கும் ஒரு மரியாதை உண்டு. ரோக்காஸ்தோர்த்தாவில் கோட்டுப் போட்டுக்கொண்டு யாரும் யாரையும் அடிப்பதில்லை. அது காட்டுமிராண்டித்தனம். ஆகவே எழுத்தரின் அவசரத்தை ஊர் கண்டித்தது. அனைவரும் ஒரு நிமிடம் பொறுமையாகக் கோட்டைக் கழற்றி, மடித்து, ஊற்றுத்தொட்டியின் விளிம்பில் குவித்தார்கள். எஜிதியோவும் நிக்காந்த்ரோவின் கோட்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்தான். லிபோரியோவும் தன்னுடையதை வைத்தார். பிறகு தொடங்கியது.

மதுக்கடை நாற்காலிகள் பறந்தன. மச்சான் மச்சானைக் கழுத்தைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினான். எஜிதியோவுக்கு மீதிப் பற்களில் ஒன்று போயிற்று. அத்தீலியோ உடைந்த மூக்கோடு ஒரு மேஜைக்கடியில் புகுந்து, தீர்ப்பைப் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று கத்தினார். லிபோரியோ இரண்டு பேர் வயிற்றில் குத்தினார். மூன்றாவதாக அகப்பட்டது நிக்காந்த்ரோ. அந்த வயிறு அசையவில்லை.

நிக்காந்த்ரோ அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, ஆட்டுத்தலையை வைப்பதுபோலக் கையை மேஜையில் வைத்து, கட்டை விரலைத் தனியாகப் பிரித்தான். கத்தி வந்தது.

"சத்தியம் பண்ணினவன் நீதானேய்யா!"

"பொத்தான் போடலை! பொத்தான் போடலை!" என்று லிபோரியோ அலறினார்.

"பக்கத்துல போச்சுல்ல?"

"போச்சு, உள்ள போகலைடா பாவி! சத்தியம் சத்தியம்தான்!"

கத்தி தோலைத் தொட்டது. மூட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அப்போது தெருமுனையில் பேண்டு வாத்தியம் முழங்கியது. சான் ரோக்கோ வந்துவிட்டார்.

சாமிக்கு முன்னால் வெறும் சட்டையோடு நிற்பதற்கு நரகத்தில் தனி இடம் உண்டு. கத்தி உறைக்குள் போயிற்று. முக்கியிருந்த தலைகள் தண்ணீருக்கு வெளியே இழுக்கப்பட்டன. எல்லோரும் தொட்டிக்கு ஓடி, கைக்கு வந்ததை இழுத்து மாட்டி, பொத்தானைப் போட்டு, தலையைக் குனிந்து வரிசையில் நின்றார்கள். கொள்ளைநோய் தந்த தொடைப்புண்ணைத் திறந்து காட்டியபடி சாமி ஆட்களின் தோள்களில் ஆடி ஆடி வந்தார்.

லிபோரியோவின் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. கைக்குட்டைக்காக உள்பையில் கையை விட்டார். கை பையில் நிற்கவில்லை. நேரே கிழிந்த லைனிங் வழியாக விலா எலும்பில் போய் முட்டியது. காலரிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வாடை அடித்தது.

எதிர்வரிசையைப் பார்த்தார். நிக்காந்த்ரோ மார்பில் அடித்துக்கொண்டு சாமியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். அவன் கோட்டின் மடிப்பில் வெள்ளை நூல் கோத்த ஊசி ஒன்று மினுங்கியது. லிபோரியோ எப்போதும் தன் கோட்டில் குத்தி வைத்திருக்கும் ஊசி. அந்தக் கோட்டின் தோள் அவன் தோளில் தண்ணீர்போல உட்கார்ந்திருந்தது. அவனுக்கு அடுத்தவன், அதற்கடுத்தவன், எழுத்தர், எஜிதியோ. ஒருவன் கோட்டிலும் ஒரு சுருக்கம் இல்லை.

பக்கத்தில் வந்து நின்ற கொன்சீலியா கிசுகிசுத்தாள்: "விரல் இருக்கா?"

"இருக்கு."

"எங்க, காட்டுங்க."

லிபோரியோ காட்டவில்லை. மற்றொரு கையால் பொத்தானை மெல்லக் கழற்றினார். மறுபடி போட்டார். பிறகு, சாமி தன்னைக் கடக்கும் நேரம் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார்.

கழுத்து நெரிபடவில்லை. கட்டை விரலை நிக்காந்த்ரோவின் லைனிங்குக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக மடக்கி வைத்துக்கொண்டார்.