விரிசல் விட்ட ஸ்கேன் டிஸ்க்

என் மனைவிக்கு இடது காது மந்தமாகிக்கொண்டே வந்த வருடம் அது. காது நரம்பில் சின்னக் கட்டி ஒன்று இருப்பது இரண்டு வருடத்துக்கு முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்தது. அப்போது பார்த்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர் புது ஸ்கேனை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பழைய ஸ்கேன் டிஸ்க்கை எடுத்துட்டு வாங்க. கட்டி அப்படியே இருந்தா தொட வேண்டாம். வளர்ந்திருந்தா ஆபரேஷன்."

டிஸ்க் பீரோவில் ஃபைலுக்குள் உறையோடு இருந்தது. இருக்கிறதே என்ற தைரியத்தில் அதை நான் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரை மறுபடி பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வந்தது. அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பி பாண்டிச்சேரியில் அவள் தங்கை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு குவார்ட்டர்ஸ் வந்தவன், ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அதை லேப்டாப்பில் போட்டேன். கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடு ஓட்டையிலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல். ஃபைல்களைத் திணித்து பீரோ கதவை முட்டி மூடியவன் நான்தான்.

ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போன் செய்தேன். "அவ்ளோ பழசெல்லாம் வச்சிருக்க மாட்டோம் சார்" என்றார்கள்.

நிலக்கரி மைன்ஸில் எனக்கு மீட்டர்களைச் சோதிக்கும் வேலை. ஒரு கருவி தப்பாகக் காட்டினால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவது பழக்கம். டிரைவ் எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு புரோகிராம் என்னிடம் இருந்தது. நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். கோடு சீராக மேலே ஏறியது. லேப்டாப்பில் குறையில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் ஒன்று இருந்தது. அதை எடுத்து, ஸ்கேன் டிஸ்க்கை அதில் வைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விரிசல் விட்டதை வேகமா சுத்தினா ஒடஞ்சிடாதா?"

"ஒடையலாம்."

"அப்ப எதுல போடணும்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை போடுங்க."

எழுந்து போய், டைப்பிங் பழகும் பழைய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தாள். உறையில்லாமல் டிராயரில் கிடந்து கீறல் விழுந்தது. "இதைப் படிக்கிற டிரைவ் அதையும் படிக்கும்ல?"

நிச்சயமில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. கீறல் டிஸ்க்கைப் போட்டதும் லேப்டாப்பில் கோடு பாதியில் சரிந்து விழுந்தது. யு.எஸ்.பி. டிரைவ் அதுவரைக்கும்கூடப் போகவில்லை. மணி மூன்றேமுக்கால்.

மாடி வீட்டு அக்கா குறிஞ்சிப்பாடிக்காரர். அவர் வீட்டில் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடப்பது ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அது ஆமை மாரி ஊர்ந்துகினு கெடக்குமே தம்பி. எடுத்துகினு போங்க."

அதைத் தூக்கிவந்து, புரோகிராமை ஏற்றி, அதே கீறல் டிஸ்க்கைப் போட்டேன். கோடு தரையை ஒட்டி நடுங்கி நடுங்கிப் போனது. ஆனால் கடைசிவரை போனது.

வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்துவிட்டு ஸ்கேன் டிஸ்க்கைத் தட்டில் வைத்தேன். என் விரல் பட்டனில் நின்றுவிட்டது. டிஸ்க் படிக்காமலே போனால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. படிக்காவிட்டால் கட்டி வளர்ந்ததா என்று தெரியாது. தெரியாதவரை ஆபரேஷனும் இல்லை. வெட்கமாக இருந்தது. அழுத்தினேன்.

படங்கள் ஒவ்வொன்றாக பென்டிரைவுக்கு ஏற ஆரம்பித்தன. நடுவில் ஒரு படத்தில் நின்றது. உள்ளே டக், டக் என்று சத்தம். நான் நிறுத்தப் போனேன். அவள் குனிந்து வலது காதைப் பெட்டியருகே வைத்தாள்.

"இருங்க. சத்தம் மாறுது. சுத்திக்கிட்டுதான் இருக்கு."

கையை எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் போனது போனதுதான். அதற்குப் பின்னும் சில வரவில்லை. மற்றவை வந்தன. ஒன்றைத் திறந்தேன். அவளுடைய மண்டையோடு கறுப்பு வெள்ளையில் தெளிவாக விரிந்தது. அவள் அதைப் பார்க்காமல் பையில் துணி அடுக்கப் போனாள்.

ஐந்து மணி பஸ் போயிருந்தது. கடலூர் போய் மாறினோம். பஸ்ஸில் அவள் கேட்டாள்: "படிக்கக் கூடாதுன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"நானுந்தான்."

மறுநாள் டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். வராத படங்கள் வேறு இடத்தவை. கட்டி இருந்த இடம் தப்பியிருந்தது.

"வளர்ந்திருக்கும்மா. கொஞ்சம்தான். ஆனா வளருது."

அவள்தான் எந்த வாரம் செய்யலாம், தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் லீவு சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. இடது காது முழுதாகப் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, மெல்ல மெல்லச் சரியானது. கோடை லீவு முடிந்து மறுபடி மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனாள். முதல் நாளே மேசையைச் சுவரோரம் தள்ளிப்போட்டு, பிள்ளைகள் எல்லாரையும் தன் வலப்பக்கம் உட்காரவைத்ததாக வந்து சொன்னாள்.