எதிர்ப்பக்கத்துக்கு ஆள் பிடித்தவள்

போனக்காவைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். உப்பிட்ட இடத்துக்கே துரோகம் செய்தவள் என்று ஒரு கூட்டம், தெய்வப் பிறவி என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சுத்தப் பேத்தல். ஒரே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாகப் பல வருடம் உட்கார்ந்திருக்கிறோம். வானொலியில் போகிற குரல்களின் சத்தத்தை ஏற்றி இறக்குவது என் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் பாடு.

எங்கள் உள்ளூர் வானொலியில் சாயங்கால விவாத நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை முதலில் எடுப்பவள் அவள்தான், அதனால்தான் போனக்கா. "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்குங்க. பேரு வேணாம், தொழில் சொன்னாப் போதும்" என்பாள். பிறகுதான் அறிவிப்பாளரிடம் லைனைக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசியிருக்கிறார்கள். ஆனால் அவள் குரல் ஒருநாளும் ஒலிபரப்பில் போனதில்லை. முதுகு அடிபட்டு வீட்டோடு கிடக்கும் புருஷன், கல்லூரியில் மகன், வாய் ஓயாத நாத்தனார் என்று அத்தனை பேருக்கும் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் மேனேஜர் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள்.

விவாதம் என்றால் சண்டை இருக்க வேண்டும் என்பதுதான் மேனேஜர் கிழித்த கோடு. எல்லாரும் ஒரே பக்கம் பேசினால் கேட்கிறவன் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவானாம். ஆகவே நிகழ்ச்சி சப்பென்று போகும் நாட்களில் போனக்கா ஓவர்சியரைக் கூப்பிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் பேச்சை மருமகள்கூடக் காதில் போட்டுக்கொள்வதில்லை. போனை எடுத்ததும், வெளியே நடைவழி வரைக்கும் கேட்கிற குரலில், "எந்தப் பக்கம்மா?" என்றுதான் கேட்பார். ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு வாரம் முழங்கினால், அடுத்த வாரம் கூடவே கூடாது என்று தொண்டை கிழியக் கத்துவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். யார் குடியும் கெடாத வரைக்கும் அது தமாஷாகத்தான் இருந்தது.

அப்போது எல்லைக்கு அப்பால் சண்டை நடந்துகொண்டிருந்தது. தப்பி வந்த குடும்பங்களை, மூடிக் கிடந்த மில்லின் குடியிருப்பில் தங்க வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் நிலையத்தைக் கூட்டித் துடைக்க வந்தாள். வந்த புதிதில் நம் பேச்சில் ஒரு சொல் தெரியாது. நடைவழி ஸ்பீக்கரில் ஓடும் விவாதத்தைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்றுக்கொண்டாள். அதனால் எதைக் கேட்டாலும் நேயர் பாணியில்தான் வரும். "வணக்கம் மேடம். நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்கு. பினாயில் தீர்ந்துபோச்சு. வாய்ப்புக்கு நன்றி" என்பாள். நாங்கள் அவளுக்கு நேயரம்மா என்று பெயர் வைத்துவிட்டோம்.

போனக்காவுக்கு அவள்மேல் பாசம். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அவளுக்குத் தள்ளுவாள். நேயரம்மாவுக்கு ஒரே பெண் குழந்தை. தப்பி வந்த வழியில் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை ஒரு பகல் முழுக்கத் தொலைத்துவிட்டுக் கண்டெடுத்திருக்கிறாள். அந்தப் பயம் போகவே இல்லை. வேலைக்கு வரும்போது பிள்ளையை அறைக்குள் விட்டு வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். "அப்படிப் பூட்டாதடி" என்று போனக்கா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

மில் குடியிருப்புப் பிள்ளைகளை நம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்பது அன்றைய விவாதம். முதலில் பேசிய அத்தனை பேரும், சேர்த்தால் என்ன, பிள்ளைகள்தானே என்றார்கள். எனக்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பஜனை மாதிரிப் போகுது? ஆளைப் பிடி."

போனக்கா தயங்கினாள். நடைவழியில் நேயரம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, ஓவர்சியரின் எண்ணை அழுத்தினாள்.

"எந்தப் பக்கம்மா?"

"எதிர்ப்பக்கம் சார். பார்த்துப் பேசுங்க."

ஓவர்சியர் பார்த்தா பேசுகிற ஆள்? எடுத்த எடுப்பிலேயே, மில் குடியிருப்பில் ஏதோ காய்ச்சல் பரவுவதாகவும், நம் பிள்ளைகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும் அடித்துவிட்டார். ஆதாரம் கேட்க வேண்டிய அறிவிப்பாளர், "அடேயப்பா" என்றார்.

அவ்வளவுதான். எல்லா லைனும் ஒன்றாக அலறின. அடுத்து வந்தவர் இரண்டை ஐந்தாக்கினார். அதற்கடுத்த பெண்மணி, ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டதாக அழுதாள். யார் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. போனக்கா சாதுவான ஆளாகத் தேடித் தேடி எடுத்தாள். சாதுவெல்லாம் அன்றைக்குக் காட்டைக் கொளுத்துகிற வேகத்தில் இருந்தார்கள். அதில் ஒருவர் பால்காரர். மனைவி பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் பாட்டுக் கேட்கும் மனுஷர்.

"மில் கேட்டுல சங்கிலி போட்டுப் பூட்டியாச்சு. இனி ஒருத்தன் உள்ள போகக் கூடாது, ஒருத்தன் வெளிய வரக் கூடாது. டின்னுல மண்ணெண்ணெயும் வந்திருக்கு" என்றார்.

நடைவழியில் வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டது. நேயரம்மா கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். நாங்கள் கற்றுக்கொடுக்காமலே எங்கள் பேச்சைக் கற்றவள், ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த சாவியை எடுத்துக் காட்டினாள்.

போனக்கா எழுந்து ஓடி, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து போலீசுக்குச் சொன்னாள். அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. பிறகு ஓவர்சியரைப் பிடித்தாள்.

"சார், நீங்க சொன்னது பொய்யின்னு இப்பவே லைன்ல வந்து சொல்லுங்க. அங்க கூட்டம் சேர்ந்துடுச்சு."

"பொய்யா? எப்படிம்மா பொய்யாகும்? இத்தனை பேர் சொல்றாங்களே. நெருப்பில்லாம புகையுமா? நானும் மில் கேட்டுக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன்."

தான் கட்டிவிட்ட கதையைத் தானே நம்பிவிட்ட மனுஷனிடம் என்ன பேசுவது?

போனக்கா மேனேஜரிடம் போனாள். நிகழ்ச்சியை நிறுத்தி மறுப்புச் சொல்லச் சொன்னாள். "இன்னைக்கு மாதிரி என்னைக்கும்மா ஓடியிருக்கு? முடியட்டும், கடைசியில சொல்லிக்கலாம்" என்றார் அவர். நான் அவரை அடித்திருக்க வேண்டும்.

அவள் தன் நாற்காலிக்கு வந்தாள். கைபேசியை எடுத்து எங்கள் நிலையத்தின் எண்ணையே அழுத்தினாள். மணி அடித்ததும் தானே அந்த லைனை எடுத்து அறிவிப்பாளருக்குத் தள்ளினாள். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

"அடுத்த நேயர், சொல்லுங்க. என்ன தொழில் பண்றீங்க?"

"உங்களுக்கு போன் எடுத்துக் கொடுக்கிறவ."

மேனேஜர் என் பக்கம் பாய்ந்து வந்தார். "இறக்கு, சத்தத்தை இறக்கு." நான் அவள் குரலை ஏற்றினேன்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. விவாதம் சூடாகணும்னு எதிர்ப்பக்கத்துக்கு ஆள் பிடிச்சது நான். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், நீங்க ஆளாளுக்கு ஒண்ணு சேர்த்தீங்க. என் குரல் உங்க எல்லாருக்கும் தெரியும். பால்காரண்ணே, கேட்டுட்டுதானே இருக்கீங்க? உங்க வீட்டம்மா ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் என்கிட்டதானே பேசிட்டிருந்தீங்க. அப்ப நான் உங்ககிட்டப் பொய் சொன்னேனா? அந்தக் குடியிருப்பு வரிசையில ஒரு அறை வெளிய பூட்டியிருக்கு அண்ணே. உள்ள தனியா ஒரு பொண்ணு இருக்கா. அவ அம்மா சாவியோட ஓடி வர்றா. சங்கிலியை எடுங்க."

அறிவிப்பாளர் சட்டென்று ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினார். மேனேஜர் போனக்காவைப் பார்த்து, "நாளையிலேர்ந்து வராதே" என்றார். சரி என்றாள். அவள் கவனம் அங்கே இல்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அழைப்புகள் வந்தன. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவன் கேட்டான். உன்னையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும் எடுத்தாள், எதற்கும் பதில் சொல்லாமல் வைத்தாள். மில் கேட்டிலிருந்து மட்டும் தகவல் இல்லை. அவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிகிற நேரத்தில் பால்காரரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்க அவளுக்குப் பயம். நான் கண்ணாடியைத் தட்டினேன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம்" என்றது நேயரம்மாவின் குரல். மூச்சு வாங்கியது. "நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்கு. கேட் திறந்துட்டாங்க. பொண்ணு என் இடுப்புல இருக்கா."

பக்கத்தில் குழந்தை விசும்புவதும், ஆட்கள் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டன. போனக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நானும் ரேடியோவுல பேசலாமா?"

"பேசும்மா."

இத்தனை நாளும் நடைவழியைத் துடைத்துக்கொண்டே கேட்டுத் தெரிந்து வைத்திருந்த முறைப்படி, மரியாதையாகக் கேட்டாள்.

"நான் எந்தப் பக்கம் பேசணும்?"

போனக்கா ரிசீவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு அந்த லைனை ஒலிபரப்புக்குத் திறந்து வைத்தேன்.