நான் ஆயில்யம் ஆக்கிய பெண்

ஒரு பெண்ணின் நட்சத்திரத்தை நான் மாற்றினேன். மாற்றியது தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதற்குச் சமாதானம் என்று உங்களுக்குத் தோன்றலாம்... எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில் வேலை பார்த்தேன். பிறந்த நாளும் நேரமும் ஊரும் சொன்னால் ஜாதகம் அச்சாகி வரும். அதற்கான புரோகிராமை எழுதியவன் நான். எனக்கோ ஜோதிடத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பேனோ என்னவோ!

கிரகங்கள் நிற்கும் பாகைகள் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களோடு கணினியில் இருந்தன. அந்தப் பழைய கணினி அவற்றைப் படித்து முடிப்பதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும், முதலாளி முறைப்பார். ஆகவே எந்த எண்ணையும் படிக்கும்போதே ஓரிலக்கத்தோடு நறுக்கிவிடும்படி எழுதினேன். இந்தப் பொய்க்கணக்குக்கு நான்கு இலக்கம் ஒரு கேடா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு நண்பகலில் அன்னூர்ப் பக்கத்து விவசாயி பழனிச்சாமி வந்தார். மகள் சாந்தாமணிக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் பொருத்தம் பார்க்க, பெண்ணின் நட்சத்திரம் ஆயில்யம் என்று வந்துவிட்டது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள பயம். மாப்பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க தம்பி, புள்ள பொறந்தப்பவே எங்க ஜோசியரு பூசம்னு எழுதிக் குடுத்தாருங்க. இன்னொருக்காப் பார்த்துச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க" என்றேன். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப எங்க ஜோசியருதான் தப்பா எழுதிப்போட்டாருங்க" என்று அவர் எழுந்து போனார்.

அதன் பிறகுதான் எனக்கு உறுத்தியது. கால்குலேட்டரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்கும் எல்லை 106.6667 பாகை. அவள் பிறந்தபோது சந்திரன் நின்றது 106.6214-இல். எல்லைக்கு இந்தப் பக்கம்... பூசமேதான்! என் புரோகிராம் இரண்டையும் நறுக்கி 106.6 என்று படித்து, சந்திரன் எல்லையைத் தொட்டுவிட்டதாக முடிவு கட்டியிருந்தது. உண்மையில் அது தொட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அன்று மாலையே புரோகிராமைத் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்னூருக்குப் பேருந்து ஏறியிருக்கலாமே, ஏன் ஏறவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட, தப்பே வராது என்று சொன்ன வாயால் தப்பு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வெறும் கூச்சம்... அதற்காக ஒரு பெண்ணை விட்டுக்கொடுத்தேன்.

அதன் பிறகு மாமியார் இல்லாத வீடாகத் தேடினார்கள். ஆயில்யத்துக்கு அதுதான் வழி. அப்படிப்பட்ட வீடு எளிதில் அமையுமா? கடைசியில் அமைந்தவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு வியாபாரி. தாயும் இல்லை, முதல் மனைவியும் இல்லை, அவளைவிட மிகவும் மூத்தவர். பழனிச்சாமி பத்திரிகை வைக்க என்னைத் தேடி வந்தார்.

"நீங்க ஒறுதியாச் சொல்லலீன்னா ஒரு அம்மா உசுரு போயிருக்குமுங்க. கண்ணாலத்துக்கு அவசியம் வரோணுமுங்க."

போனேன். பந்தியில் அவரே கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்... இறங்கியது.

பிறகு ஒரு நாள் சாந்தாமணியே கைக்குழந்தையோடு வந்தாள். மணமேடையில் பார்த்த முகம் வற்றிப்போயிருந்தது.

"அவருக்குத் தெரியாம வந்தேனுங்ணா. தெரிஞ்சா அடிப்பாரு. பொறந்தது பொம்பளப் புள்ளைங்க. ஆயில்யம் மட்டும் இல்லீன்னாப் போதுமுங்க."

குழந்தைக்கு அஸ்தம் என்று வந்தது. சொன்னேன். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க பார்த்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்ணா. என்ற தலையெழுத்து என்னோட போகட்டும்."

அவள் தலையெழுத்தை எழுதியவன் மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். 'உனக்கும் நல்ல நட்சத்திரம்தான் அம்மணி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள்? இப்போதாவது விதி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறாள். அது விதி அல்ல, ஒருவனுடைய சோம்பேறித்தனம் என்று தெரிந்தால்...? பார்த்தீர்களா, வாயை மூடிக்கொள்ள மறுபடியும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது எனக்கு!

பேருந்துக்கு நேரமாகிறது என்று அவள் எழுந்தாள். "வாரேனுங்ணா" என்றாள். நான் தலையாட்டினேன்.

அவள் நட்சத்திரம் பூசம். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.