நீல பல்பு எரிந்த ஆறு நிமிடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் "குடிச்சிருப்பே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு நான் குடித்தது ஒரே ஒரு பீர், அதிலும் பாதிதான். நேரமெல்லாம் என் ஃபோனில் இருக்கிறது. போன நவம்பர் பதினாறு, சனிக்கிழமை ராத்திரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கஸகஸ்தானில், அல்மாத்தி நகரத்தில் நானும் எர்மெக்கும் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரம்மாவிடம் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லி வைத்திருக்கிறோம். எர்மெக்கின் அம்மாவிடம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரூம்மேட். நாங்கள் காதலர்கள் என்பது ஒரு இருபது நண்பர்களுக்கும் ஒரு நிலவறைக் கிளப்புக்கும்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை காசு சேர்த்துக்கொண்டு பாங்காக் போவோம். ஏழு நாள் கை கோத்து நடப்போம். விமானம் அல்மாத்தியில் இறங்குவதற்குள் கையை எடுத்துவிடுவோம்.

நான் பொய் சொல்வதில் கில்லாடி. பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு அது தேவை. சிலர் ஆசை காட்டி வரவழைப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று மிரட்டிப் பணம் கறப்பார்கள். அதனால் புது ஆள் யார் பெயர் கேட்டாலும் என் வாயில் வேறு பெயர்தான் வரும். எர்மெக் நேர்மாறு. ஒரு பெண் கொஞ்சம் பரிவாகக் கேட்டுவிட்டால் போதும், தன் ஜாதகத்தையே ஒப்பித்துவிடுவான்.

அவன் அம்மா கிசில்ஓர்தாவில் இருக்கிறாள். இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வரப்போகும் மருமகளுக்குத் தங்கத் தோடு வாங்கி வைத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு பெண்களின் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் கஸாக் வழக்கத்தில் மாமியார் தன் கையால் ஒரு பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அப்புறம் பின்வாங்கினால் ஊரே காறித் துப்பும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக எர்மெக் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். தைரியம் வருவதற்காக முந்தின ராத்திரி ஆடப் போனோம்.

கிளப் ஒரு பழைய செருப்புப் பட்டறைக்கு அடியில் இருக்கிறது. போர்டு கிடையாது. இரும்புக் கதவு, அதில் எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை. நடத்துபவர் லியோவா. அறுபத்தேழு வயது, நாக்கு மட்டும் இருபது.

"வாங்கடா மாப்பிள்ளைங்களா. மூஞ்சி பளபளங்குது, என்ன விசேஷம்?"

"நாளைக்கு இவன் அம்மாகிட்ட பேசப்போறான்" என்றேன்.

"பேசுவான், பேசுவான். போன வருஷமும் பேசினான்."

"இந்தத் தடவை நிஜமாண்ணே" என்றான் எர்மெக். சிரித்தாலும் அவன் காது சிவந்திருந்தது.

கீழே சுவரில் ஒரு நீல பல்பு உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு லியோவா அதைக் காட்டிக் கதை சொல்லாமல் விடமாட்டார். சோவியத் காலத்தில் இதே நிலவறையில் ரகசியமாக ஆடுவார்களாம். போலீஸ் வந்தால் கதவருகே இருப்பவன் ஒரு பொத்தானை அமுக்குவான், நீல பல்பு எரியும். உடனே ஆணோடு ஆடும் ஆண்களும் பெண்ணோடு ஆடும் பெண்களும் ஜோடி மாறிவிட வேண்டும். ஆணும் பெண்ணுமாக, நிச்சயமான ஜோடிகள் போல. தனித்தனியாக நிறுத்தி விசாரிப்பார்கள் என்பதால் ஆடிக்கொண்டே ஒருவர் விவரத்தை ஒருவர் காதில் சொல்லிக்கொள்வார்களாம். இந்தக் கதையை நான் ஒரு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

நாங்கள் உள்ளே போனபோது மணி 11.50. ஆண்கள் முப்பது பேர் இருக்கலாம். பெண்கள் நான்கே பேர், நால்வரையும் எனக்குத் தெரியும்.

1.25-க்கு சிகரெட் எடுக்க, கோட்டுகள் மாட்டும் அறைக்குப் போனேன். என் கோட்டுக்குப் பக்கத்தில் பெண்களின் கோட்டுகள் தொங்கின. நீளமான, கனமான, காலரில் ரோமம் வைத்த பழைய கோட்டுகள். வரிசையாக இருபதுக்கு மேல். பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. ஏதோ நாடகக்காரர்கள் வாடகைக்கு எடுத்தவை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றின் தோளில் கை பட்டது. ஈரம். பனி ஒட்டியிருந்தது.

ஊரில் பனி பெய்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

சிகரெட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எர்மெக்கிடம் சொன்னேன். "உனக்கு எப்பவுமே இப்படித்தான், ஆட வந்தா ஆடு" என்று இழுத்துக்கொண்டு போனான். என் தோளில் முகம் வைத்து ஆடினான். சந்தோஷமாக இருந்தது.

1.40. கரண்ட் போனது.

பாட்டு நின்றது. யாரோ விசில் அடிப்பார்கள், கத்துவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் மூச்சு விடவில்லை.

நீல பல்பு எரிந்தது.

எர்மெக்கின் கை என் கையிலிருந்து நழுவியது. அந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன்... எங்கள் இருவரைத் தவிர ஒவ்வொரு ஆணுக்கு எதிரிலும் ஒரு பெண். எங்கள் நண்பர்கள் எல்லோரும் தூக்கத்தில் இருப்பவர்கள் போல அவர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டே இல்லை. கால்கள் தரையில் தேயும் சத்தம் மட்டும். சர்ர்... சர்ர்...

என் இடது கையை யாரோ பிடித்தார்கள். ஈரமான விரல்கள்.

"கைய இடுப்புல வை. பாக்கறாங்க."

இருபத்தைந்து வயதிருக்கும். வட்ட முகம், இறுக்கிய பின்னல். காதில் ஒன்றும் இல்லை.

"யாரு பாக்கறாங்க?"

டம்... டம்... டம்... மேலே இரும்புக் கதவு.

"சீக்கிரம். நான் ரௌஷன். ஐம்பத்தாறுல பொறந்தேன். துணி மில்லுல வேலை. உன் பேரு?"

என் வாய் தானாகத் திறந்தது. "மராத்."

"அப்பா பேரு?"

"செரிக்."

"வீடு?"

"தராஸ். பஜாருக்குப் பின்னாடி."

மூன்றும் பொய். பயத்தில்கூட எனக்குப் பொய்தான் வந்தது.

அவள் ஆடுவதை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை. சலிப்பு.

"பொய் சொல்றவன்கூட என்னால நிக்க முடியாது."

கையை விட்டாள். இரண்டே எட்டு. எர்மெக்கிடம் போய்விட்டாள்.

கத்தினேன். சத்தம் வரவில்லை. ஓடப் பார்த்தேன். கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. சர்ர்... சர்ர்... நிறுத்த முடியவில்லை.

அவள் எர்மெக்கின் காதில் கேட்டாள். அவன் சொன்னான். ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. பெயர். அப்பா பெயர். பிறந்த தேதி. தெரு. கதவு எண்.

"நிச்சயம் ஆயிடுச்சான்னு அவங்க கேட்டா என்ன சொல்லணும்?"

"அம்மா தோடு வாங்கி வச்சிருக்காங்க" என்றான்.

சொல்லாதேடா... சொல்லாதேடா...

டம். டம். டம்.

பூட்ஸ் சத்தம் படியில் இறங்கியது. உள்கதவிலும் ஓர் ஓட்டை உண்டு. அதன் மூடி விலகியது.

ஒரு கண்.

ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்தது. அந்த அறையில் ஜோடி இல்லாமல் நின்றது நான் ஒருவன்தான்.

இரண்டு கையையும் தூக்கினேன். இல்லாத ஒருத்தியின் இடுப்பைப் பிடித்தேன். ஆடினேன்.

கண் என்மேல் நின்றது.

ஆடினேன்.

எவ்வளவு நேரம்? தெரியாது. பாதம் எரிந்தது. கையை இறக்கினால் செத்தேன் என்று மட்டும் தெரிந்தது.

ஆடினேன்...

பட்டென்று கரண்ட் வந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து அலறியது. நண்பர்கள் சிரித்தார்கள். "அஞ்சு நிமிஷம் கரண்ட் போனதுக்கா இப்படி வேர்த்திருக்கு?" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான்.

மணி 1.46. என் ஷூவின் அடிப்பாகம் இரண்டு இடத்தில் ஓட்டையாகியிருந்தது. புது ஷூ.

எர்மெக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோட்டுகள் இருந்த இடத்தில் தரை முழுக்க ஈரம். டாக்ஸியில் ஏறியதும் கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"பயந்துபோயிருந்தாடா. பாவமா இருந்துச்சு." என் பக்கம் திரும்பி, "நீ சொல்லலயா?" என்றான்.

"நானும் சொன்னேன்" என்றேன்.

காலை 7.10-க்கு அவன் ஃபோன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"திருட்டுப்பயலே! ஏன்டா என்கிட்ட மறைச்சே?"

"என்னம்மா?"

"நல்ல பொண்ணுடா. காலையில ஆறு மணிக்கு வந்து கதவத் தட்டினா. உன் பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி, எல்லாம் சொல்றா. பனியில நனைஞ்சு, காதெல்லாம் ஐஸ். எனக்கு மனசு கேக்கல. தோடு போட்டு விட்டுட்டேன்."

அல்மாத்தியிலிருந்து கிசில்ஓர்தாவுக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்.

அப்போது ஃபோனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"டீல பால் ஊத்தட்டுமா அம்மா?"

அதே குரல்.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். மூணே நாள்" என்றான் எர்மெக். போகாதே என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். அவளை அவனிடம் அனுப்பியதே என் பொய்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று மாலை ஸ்டேஷனில் ஆபீஸ் நண்பர்கள் போலக் கை குலுக்கிக்கொண்டோம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் லியோவாவைப் பார்க்கப் போனேன். கிளப்பில் யாருமில்லை. பல்பைப் பற்றிக் கேட்டதும் ஸ்டூல் போட்டு ஏறி, அதைச் சுவரிலிருந்து கழற்றிக் காட்டினார். பின்னால் வெறும் சுவர்.

"முப்பது வருஷமா வயரே கிடையாது தம்பி. சும்மா அழகுக்கு."

"ரௌஷன்னு ஒரு பொண்ணு..."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எண்பத்தொண்ணு டிசம்பர்" என்றார். "கதை இல்ல, நிஜமாவே வந்தாங்க. அவ என்கூட ஆடினா. பேரு கேட்டா. நான் பயத்துல ஏதோ ஒரு பேரு சொன்னேன். அவள தனியா நிறுத்தி, கட்டிக்கப்போறவன் பேரு என்னன்னு கேட்டாங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கா. என் பையில என் அடையாள அட்டை இருந்துச்சு, அதுல என் நிஜப் பேரு."

"அப்புறம்?"

"எனக்கு ரெண்டு வருஷம். அவ வெளிய வரவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட் போனா நான் கீழ இருக்கறதில்ல. உன்னை விட்டுட்டாளா? அதிர்ஷ்டக்காரன்டா நீ."

மூன்று நாள் ஆனது. பத்து நாள் ஆனது. எர்மெக் ஃபோன் எடுக்கவில்லை.

நவம்பர் இருபத்தொன்பது. ராத்திரி 1.40. ஃபோன் அடித்தது. எர்மெக்கின் அம்மா. கிசுகிசுவென்று பேசினாள்.

"தம்பி, தூங்கிட்டியா?"

"சொல்லுங்கம்மா."

"அவ சாப்பிடறதே இல்லப்பா. ஒரு வாய்கூட. தினமும் இந்த நேரத்துக்கு அவன எழுப்பிக் கூடத்துக்குக் கூட்டிட்டு வர்றா. பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல... ரெண்டு பேரும் ஆடறாங்க. விடியறவரைக்கும். வாசல்ல யாரோ நிக்கறாங்களாம், நிறுத்தக்கூடாதாம். எம்புள்ள காலெல்லாம் ரத்தம்."

அவள் பேச்சுக்குப் பின்னால் கேட்டது. சர்ர்... சர்ர்...

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஆடிக்கிட்டே அவன் சனத், சனத்னு உன் பேரச் சொல்லி அழறான். நீ அவனுக்கு யாருப்பா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"ரூம்மேட்டும்மா. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கால் சத்தம் நின்றுவிட்டது. அம்மா பேசினாள்.

"அவ சொன்னா... நீ பொய்தான் சொல்லுவேன்னு."