பனிமலையில் கறித்தூள்

ஜெர்மனியில், நான் இருந்த வால்டோர்ஃபிலிருந்து பிளாக் ஃபாரஸ்ட் மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போன முதல் நாள். லிஃப்ட் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அறுபது வயதிருக்கும். ஆரஞ்சு ஜாக்கெட், ஹெல்மெட்டுக்குக் கீழே சந்தனப் பொட்டு, கையில் ஒரு சின்னப் போத்தல் நிறையக் கறித்தூள்.

"இங்க எங்க நல்லா சாப்பிடலாம்க்கா?"

"அடிவாரத்தில பச்சைக் கதவுக் கடை. அவையின்ர உருளைக்கிழங்கு சூப்புக்கு இந்தத் தூளைப் போட்டாத்தான் உயிர் வரும். மேல கோப்பி மட்டும் குடியுங்கோ."

"எனக்குச் சறுக்கத் தெரியாதுக்கா. எப்படி நிறுத்தறது?"

"நிக்க ஏலாட்டி குந்திடுங்கோ தம்பி."

உச்சியில் இறங்கியதும் அவர் பறந்துவிட்டார். கோப்பியை மறந்து நானும் கிளம்பினேன். நிற்க முடியவில்லை. சொன்னபடியே குந்தினேன். மலை மட்டும் நிற்கவில்லை. பயிற்சியாளர், நாய், கல்யாண ஜோடி எல்லோரையும் தாண்டி வழுக்கினேன். பாதி வழியில் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைக் கதவுக்கு முன்னால்தான் நின்றேன்.

வாசல் மேசையில் அக்கா. எதிரே இரண்டு கிண்ணம் சூப். ஒன்றில் தூளைத் தூவி என் பக்கம் தள்ளினார்.

"கெதியாக் குடியுங்கோ, ஆறுது."

பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. நான் முழுசாக வந்து சேருவேன் என்று எந்த நம்பிக்கையில் இரண்டு சூப் சொன்னார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.