அணைக்கும்போது வரும் வரி

கருப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: ‘போய்ட்டு வரேன் மாமு.’ அந்த வரி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுதியவன் என் பக்கத்து சீட்டுக்காரன். துறைமுகச் சரக்கு ஏஜெண்டுகளுக்கு மென்பொருள் எழுதித் தந்த எங்கள் ராயபுரம் ஆபீஸுக்கு எர்ணாவூரிலிருந்து பைக்கில் வருவான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுத ஃப்ரேம்வொர்க் என்ற புதிய சட்டகம் ஒன்று வந்திருந்தது. புத்தகத்தைப் பிரித்தாலே எனக்குத் தலை சுற்றும். “பந்தில குந்தினா நீயா போயி சோறு வடிக்கிற? எலைக்கு முன்னால குந்திகினு இரு மாமு, கொண்டாந்து வைக்க ஆளு கீது” என்று அவன் சிரித்தான். விஷயம் அவ்வளவுதான். ஒரு ஆப்ஜெக்ட், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளாது. ஃப்ரேம்வொர்க் உருவாக்கிக் கொடுக்கும். யாருக்கு எது என்று ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் போதும். அதற்கு உயிர் வந்ததும் என்ன செய்ய வேண்டும், முடியும்போது என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் சொல்லிவைக்கலாம். அவன் ஒரு ஆப்ஜெக்டுக்கு அப்படிச் சொல்லிவைத்தான். சர்வரைப் போட்டால் ‘வந்துட்டேன் மாமு’, நிறுத்தினால் ‘போய்ட்டு வரேன் மாமு’. வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொன்னால் அவன் அம்மா அடிக்கவே வருவாராம்.

முறையாக நிறுத்தினால்தான் அந்தக் கடைசி வரி வரும். கரண்ட் போய் சர்வர் பொசுக்கென்று அணைந்தால் வராது. “சொல்லாம கொள்ளாம பூட்ச்சு பாரு, பேஜாரு” என்று நிஜமாகவே வருத்தப்படுவான். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு மத்தியானம் வெளியே போனவனைக் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. அவன் கிளம்பியபோது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். எர்ணாவூரில் சாவு வீட்டில் அவன் அம்மா என் கையை விடாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கெளம்பசொல்ல இன்னா சொல்ட்டுப் போனான் நைனா?”

மறுநாள் காலை சர்வரைப் போட்டேன். ‘வந்துட்டேன் மாமு’ என்றது. அதன் பிறகும் தினமும் வந்தான். அந்த வரியை எடுத்துவிட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. ஒருநாள் வராமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

போன மாதம் அந்தப் பழைய சர்வரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ப்ளக்கைப் பிடுங்கினால் போதுமே என்றார்கள் புதுப் பிள்ளைகள். நான் விடவில்லை. உட்கார்ந்து முறையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்து, கடைசியில் அந்த வரி வந்தது: ‘போய்ட்டு வரேன் மாமு.’

“போய்ட்டு வாடா” என்றேன், வாய்விட்டு.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆபீஸுக்கு வந்து, அணைந்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வரேன் என்றுதானே சொன்னான்.