பேச்சிக்குக் காது குத்தினோம்

ஓசூரில் காய் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். முகம் பார்த்து மொழியை எடுப்பது இந்த ஊர்ப் பழக்கம். என்னைப் பார்த்தால் தமிழ், எனக்கு முன்னால் நிற்கும் அம்மாளுக்குத் தெலுங்கு, பின்னால் வரும் பெரியவருக்குக் கன்னடம். மூன்றையும் ஒரே மூச்சில் பேசி, மூன்றிலும் தக்காளி விலையைக் குறைக்க மறுப்பார். வந்த புதிதில் இதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இப்போது அதே பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்து நிற்கும் மகளைப் பார்த்ததும் அவர் இந்திக்கு மாறுகிறார். "க்யா சாஹியே, பேட்டி?" என்று, என்ன வேண்டும் எனக் கேட்கிறார். அவளுக்கு இந்தி தெரியாது. "கால் கிலோ பீன்ஸ் போடுங்கண்ணா, முத்தலாப் போட்டுராதீங்க" என்கிறாள். நிற்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை, தெரியும். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளை தன் தாய்மொழியில் பேசியதற்கு நாலு பேர் சிரித்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? பெற்றவள் என்று எழுதிவிட்டேன். வளர்த்தவள் என்று திருத்த மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அவள் பெயர் பேச்சியம்மாள். விளாத்திகுளம் பக்கம் என் பிறந்த வீட்டுச் சாமியின் பெயர். சிறிய கண், சப்பை மூக்கு, வெளுத்த நிறம். அசாமா, நேபாளமா, மணிப்பூரா என்று ஊரே கேட்கிறது. எங்களுக்கே தெரியாது. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருந்து, கிருஷ்ணகிரியில் ஒரு காப்பகத்திலிருந்து நானும் கணவரும் அவளைத் தூக்கி வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. இதை அவளிடம் மறைத்ததே இல்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் போகும்போது, "இங்கதானம்மா நான் கிடைச்சேன்?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். பக்கத்து சீட்டுக்காரர் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு முறை ஒரு அம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கண்டக்டரைக் கூப்பிட்டு, "இந்தப் பாப்பா யாரோட வந்துச்சுன்னு விசாரிங்க" என்றாள். பேச்சி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யாரும் முகம் பார்த்து மொழி எடுப்பதில்லை. "நீ யாரு மக?" என்றுதான் கேட்போம். இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று சொன்னால் போதும், தண்ணீர் எந்தச் செம்பில் கொடுப்பது என்பது வரை முடிவாகிவிடும். இங்கே வந்தபோது அந்தக் கேள்வி இல்லாததே எனக்கு விடுதலையாக இருந்தது. சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருவர்கூட நான் யார் மகள் என்று கேட்கவில்லை. எந்த ஷிப்ட் என்று மட்டும் கேட்டார்கள். அந்த விடுதலை எல்லோருக்கும் இல்லை என்பது பேச்சி வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் கம்பெனியில் பேச்சியின் முகச்சாடையில் எத்தனையோ பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எல்லோரும் 'பையா'. முதுகுக்குப் பின்னால் 'வடக்கன்'. எங்கள் வீட்டு ஓனர் முனிராஜ் இந்த ஊர்க்காரர். ராகி விளைந்த நிலத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். பேச்சிக்குத் தினமும் மிட்டாய் கொடுப்பார். வீடு கேட்டு அந்தப் பையன்கள் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார். "நம்ம பாப்பா வேற, அவனுங்க வேறம்மா" என்று எனக்கே விளக்குவார். என்ன வேறு என்று கேட்டால், சிரித்துக்கொண்டே மோட்டார் போடப் போய்விடுவார்.

ஏழு வயது வரை பேச்சிக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் எங்கள் வழக்கம். தாய்மாமன் என் அண்ணன். அவன் பிடி கொடுக்காமலே நாளைக் கடத்தினான். பள்ளியில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தோடு இருந்தது. "காது குத்துனா என்கிட்டயும் தமிழ்லயே பேசுவாங்களாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்துப் போனது.

அண்ணன் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா செத்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டு என்னை டிப்ளமோ படிக்க வைத்தவன். கரிப்புகையில் அவன் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஓசூரில் வேலை கிடைத்ததும், பொட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பாதே என்று ஊரே சொன்னது. "அவ என் தங்கச்சி, போயிட்டு வருவா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து விட்டுப் போனான். அப்படிப்பட்டவனிடம்தான் போனில் கெஞ்சினேன். "பிள்ள மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மடியில வச்சுட்டா முறைன்னு ஆயிரும். எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுவ. நாளைக்கு நாலு பேரு கேப்பாம்லா" என்றான். மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திய பெண், மாமன் பிள்ளைகளுக்கு முறைப்பெண். பேச்சி எந்தச் சாதி, எந்தச் சீமை என்று ஊர் கேட்கும். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குப் புரியாதா? "அவ யாரையும் கட்டிக்கக் கேக்கலண்ணே, மாமாவைத்தான் கேக்கா" என்றேன். கடைசியில், "ஊர்ல வேண்டாம். அங்கன வச்சா வாரேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, கிருஷ்ணகிரியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, காலையில் கையில் இரண்டு பைகளோடு வாசலில் நின்றான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, சிவப்புக் கல் வைத்த தங்கத் தோடு, கருப்பட்டி, பழம். மாமன் சீரில் ஒன்று குறைவில்லை. பேச்சி அவனை விட்டு நகரவே இல்லை. மலைக்கோயில் அடிவாரத்தில் ஜமுக்காளம் விரித்தோம். ஆசாரி விளக்கேற்றி ஊசியை எடுத்து வைத்துவிட்டு, "மாமா வந்து உக்காருங்க" என்றார். அண்ணன் நின்றான். என்னைப் பார்க்காமல் ஆசாரியைப் பார்த்தே சொன்னான்: "எனக்கு முட்டுவலி. சம்மணம் போட முடியாது. அவ அப்பன் மடியில வச்சுக் குத்திருங்க."

அதற்குச் சற்று முன்புதான் கோயில் படி அத்தனையும் ஏறி இறங்கியிருந்தான். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். விசேஷத்துக்கு வந்திருந்த ஓனர் முனிராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்து, "என்னாத்துக்கு யோசனை, நான் உக்காந்துக்கறேன். நானும் பாப்பாவுக்கு மாமன்தான?" என்றார். கேட்டில் நின்று பையன்களை விரட்டுகிற அதே மனிதர். அந்த நேரத்தில் அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு மாமா இருக்காங்க" என்றாள். அண்ணனின் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா மாமா? நீங்க உக்கார வேணாம். நான் நின்னுக்கிட்டே குத்திக்கிறேன். கைய மட்டும் பிடிச்சுக்கோங்க" என்று அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஆசாரிக்குக் காதைக் காட்டினாள். நின்றபடி காது குத்தி அந்த ஆசாரிக்குப் பழக்கமில்லை. முழங்காலிட்டுத்தான் குத்தினார். கண்ணில் தண்ணீர் கோர்த்ததே தவிர, பிள்ளை அழவில்லை. அழுதால் மாமா உட்கார்ந்து தூக்க வேண்டியிருக்குமாம், பிறகு சொன்னாள். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குத் தங்கவில்லை. பஸ் கிடைக்காது என்றான்.

அவன் பொய் சொன்னான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளுக்கு மாமன் இல்லாமல் போய்விடுவான். சொல்லாவிட்டால், ஒரு நாள் அவளாகவே கண்டுபிடித்து என்னையும் சேர்த்துக் கேட்பாள். உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பேச்சி அவனுக்குப் போன் செய்கிறாள். போன வாரமும் அதே விசாரணை. "முட்டி சரியாப் போச்சா மாமா? தைலம் தேய்ச்சீங்களா?" அவன் ஏதோ முனகினான். "சரியானதும் சொல்லுங்க. நீங்க அவ்வளவு தூரம் பஸ்ஸில வர வேணாம். முழுப்பரீட்சை லீவுக்கு நானே ஊருக்கு வர்றேன், அப்ப மடியில உக்காந்துக்கிறேன்." "அம்மாகிட்ட குடு" என்று அந்தப் பக்கம் கேட்டது.

வாங்கிக் காதில் வைத்தேன். அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும் பேச்சிக்கு. என் மடியில் ஏறி உட்கார்ந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள். அவன் போட்ட தோடு என் கன்னத்தில் குத்தியது. நான் முகத்தை நகர்த்தவில்லை.